மழைக்கு வாசனை ஏது?

மழைக்கு வாசனை உண்டா இல்லையா என்பதும் ஒரு விஷயமா, இதற்கு ஒரு வாரப் பத்திரிகையில் இவ்வளவு இடம் வேண்டுமா என்று நமது தோழர்களில் சிலரே கேட்கக்கூடும். சாதி ஒழிந்தபாடில்லை, கோயில் கொள்ளை ஒழிந்தபாடில்லை, இந்த லட்சணத்தில் மழை மணக்கிறதா என்று மோந்து பார்த்துக்கொண்டிருப்பது வேலையற்றவன் வேலையல்லவா என்றும் தோன்றலாம். ஆனால் இந்த நாட்டில் எந்தச் சின்ன விஷயத்தையும் சின்ன விஷயமாக விட்டுவைக்காமல், பல்லி விழுந்தால் ஒரு பலன், காக்கை கத்தினால் ஒரு சகுனம், தும்மினால் ஒரு சாஸ்திரம் என்று ஏற்படுத்தி, அந்த ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு தட்டையும் தட்சிணையையும் கட்டிவைத்தவர்கள் நாமல்ல. அவர்கள் விட்டுவைக்காத இடத்தை நாம் மட்டும் எதற்காக விட்டுவைக்க வேண்டும்?

கோடையில் இரண்டு மூன்று மாதம் வெயில் காய்ந்து, தரை பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கையில், ஒருநாள் மாலை மேற்கே கறுத்து நாலு சொட்டு விழுந்ததும் ஒரு வாசனை கிளம்புகிறதே, அதை அறியாதவர் எவருமில்லை. சில சமயம் சொட்டு விழுவதற்கு முன்னாலேயே அந்த வாசனை காற்றில் வந்துவிடுவதும் உண்டு. “மழை வாசனை அடிக்கிறது” என்று சொல்லிக்கொண்டே காயப்போட்ட நெல்லை வாரிக் குவிக்கிறார்கள். வரட்டியை உள்ளே கொண்டுபோகிறார்கள். இதுவரையில் யாருக்கும் தகராறு இல்லை. அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால்தான் தகராறு ஆரம்பமாகிறது. பூமாதேவி தாகம் தணிந்து மூச்சுவிடுகிறாள் என்பார் ஒருவர். வருண பகவானின் கடாட்சம் முன்னால் மணக்கிறது என்பார் இன்னொருவர். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி இப்படிச் சொன்னால் அவளிடம் நமக்குச் சண்டை இல்லை. அவளுக்கு வேறு சொல்லித்தர யாரும் இருந்ததில்லை. அவள் சொல்லை வைத்து வியாபாரம் நடத்துகிறவர்களிடந்தான் நமக்குச் சண்டை.

வியாபாரம் நடக்கிற விதத்தைப் பாருங்கள். மழையில்லாத கோடையில் ஊரில் வசூல் செய்து வருண ஜபம் நடத்துகிறார்கள். அண்டாவில் தண்ணீர் நிரப்பி அதற்குள் கழுத்தளவு உட்கார்ந்துகொண்டு மந்திரம் சொல்லுகிறார்கள். ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது இவர்கள் உட்கார மட்டும் அண்டா அண்டாவாகத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஜபம் நடக்கிற மாலையில் எங்கேயோ நாலு மைலுக்கு அப்பால் ஒரு மேகம் பெய்கிறது. அங்கிருந்து அடிக்கிற காற்றில் அந்த வாசனை இங்கே வருகிறது. உடனே, “பார்த்தீர்களா, பகவான் உத்தரவு கொடுத்துவிட்டார்” என்று தட்டு நீளுகிறது. பிறகு மழை பெய்தால் மந்திரத்தின் மகிமை. பெய்யாவிட்டால் ஊராரின் பாவம். தலை விழுந்தாலும் பூ விழுந்தாலும் புரோகிதருக்கே ஜெயம் என்கிற இந்தச் சூதாட்டத்தில் சாட்சி சொல்ல நிறுத்தப்படுவதுதான் மழை வாசனை. ஆகவே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டியது அவசியமாகிறது.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வீட்டுப் பாத்திரங்கள் போதும். ஒரு பாத்திரத்தைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவி, மழை வலுத்துப் பெய்யும்போது, கூரைத் தண்ணீரோ மரத்துத் தண்ணீரோ சேராதபடி வெட்ட வெளியில் ஒரு முக்காலியின்மேல் வைத்துப் பிடியுங்கள். உள்ளே கொண்டுவந்து மோந்து பாருங்கள். ஒரு வாசனையும் இராது. இன்னொரு நாள், மழையே இல்லாத மொட்டை வெயிலில், வயலிலிருந்து காய்ந்த மண்ணாங்கட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு கிணற்றுத் தண்ணீரை இரண்டு கை தெளியுங்கள். மேகமில்லை, இடியில்லை, வருணனில்லை. ஆனால் அதே வாசனை வருகிறது. கோடைக்காலத்தில் சாயங்காலம் வாசல் தெளிக்கிற ஒவ்வொரு பெண்ணும் இந்தப் பரீட்சையைத் தினந்தோறும் நடத்திக்கொண்டுதான் இருக்கிறாள். குடத்துத் தண்ணீர் பட்டாலும், குழாய்த் தண்ணீர் பட்டாலும், ஆகாயத்துத் தண்ணீர் பட்டாலும் மண் ஒன்றுபோலவே மணக்கிறது. ஆகவே மணம் தண்ணீரில் இல்லை, மண்ணில் இருக்கிறது என்பது குழந்தைக்கும் விளங்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வைதீகர்களின் சொந்தத் தர்க்க சாஸ்திரமே இதை ஒப்புக்கொள்ளுகிறது என்பதுதான். அன்னம்பட்டர் எழுதிய தர்க்க சங்கிரகம் என்னும் சின்னப் புத்தகம், சமஸ்கிருதப் பாடசாலைகளில் தர்க்கம் படிக்க வருகிற பையன்களுக்கு முதலில் கொடுக்கப்படுவது. அதில் வாசனை என்கிற குணம் பிருதிவிக்கு, அதாவது மண்ணுக்கு, மாத்திரமே உண்டு என்றும், தண்ணீருக்கு அது கிடையாது என்றும் இலக்கணம் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தமட்டில் அந்தப் பண்டிதரைப் பாராட்ட நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்குமேல் ஒரு அடி எடுத்துவைத்து, மண்ணில் எது மணக்கிறது, காய்ந்திருக்கும்போது ஏன் மணக்கவில்லை, நனைந்ததும் ஏன் மணக்கிறது என்று இவர்களில் ஒருவரும் மண்ணைக் கிளறிப் பார்க்கவில்லை. பையன் இலக்கணத்தை மனப்பாடம் செய்தான். அவன் மகனும் மனப்பாடம் செய்தான். மண்ணைக் கையால் தொடுவதே இழிவு என்று ஆக்கிக்கொண்டவர்கள் எப்படிக் கிளறுவார்கள்?

கிளறியவர்கள் வேறு தேசத்தார். 1891இல் பிரான்சு தேசத்து ரசாயன ஆராய்ச்சியாளரான பெர்த்தலோவும் அவருடைய கூட்டாளி ஆந்த்ரேயும் மண்ணின் வாசனையை ஆராய்ந்து எழுதினார்கள். அது இன்ன பொருள் என்று அவர்களுக்கு அகப்படவில்லை. அகப்படாததற்கு ஒரு சாமி பெயரை வைத்து மூடிவிடாமல், கண்டதைக் கண்டபடி எழுதிவைத்துப் பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுப்போனார்கள். 1964இல் ஆஸ்திரேலியா தேசத்தில் சர்க்கார் விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த இசபெல் ஜாய் பேர் என்ற பெண்ணும் ரிச்சர்ட் தாமஸ் என்பவரும், வெயிலில் காய்ந்த பாறைகளையும் களிமண்ணையும் நீராவியில் வாட்டி அதிலிருந்து மஞ்சள் நிறமான ஒருவித எண்ணெயை வடித்தெடுத்தார்கள். அந்த எண்ணெய்க்கு அப்படியே மழை வாசனை இருந்தது. மழையில்லாத காலத்தில் செடி கொடிகளிலிருந்தும் மற்றவைகளிலிருந்தும் கிளம்பிக் காற்றில் கலக்கும் எண்ணெய்ப் பசைகளைக் கல்லும் களிமண்ணும் உறிஞ்சி வைத்துக்கொள்ளுகின்றன என்றும், மழைக்கு முன்னால் காற்றில் ஈரம் ஏறும்போதே அந்த ஈரம் கல்லின் நுண்ணிய துவாரங்களில் புகுந்து எண்ணெயை வெளியே தள்ளுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். சொட்டு விழுமுன் வாசனை வருவதன் ரகசியத்தில் ஒரு பாதி இது. மறுபாதி, முன்சொன்னபடி, ஏற்கெனவே மழை பெய்கிற இடத்திலிருந்து அடிக்கிற காற்று.

அந்த எண்ணெய்க்கு அவர்கள் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க பாஷையில் பெட்ரா என்றால் பாறை. இகோர் என்பது கிரேக்கப் புராணத்தில் தேவர்களின் உடம்பில் ரத்தத்துக்குப் பதிலாக ஓடுகிறதாகச் சொல்லப்பட்ட திரவம். நம்மவர்களைப்போலவே அந்தத் தேசத்தாரிடமும் பழைய புளுகுகள் ஏராளமாக உண்டு. ஆனால் அவர்கள் அதிலிருந்து ஒரு பெயரை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டார்களே தவிர, தேவரத்தம் ஓடுகிற பாறை இதுதான் என்று ஒரு கோயிலைக் கட்டி உண்டியல் வைக்கவில்லை.

அடுத்த வருஷமே, அதாவது 1965இல், அமெரிக்காவில் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் நான்சி கெர்பர் என்ற பெண்ணும் ஹுபர்ட் லெஷவாலியே என்பவரும் விஷயத்தின் வேரைப் பிடித்துவிட்டார்கள். மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழுகின்றன. அவற்றில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்று ஒரு ஜாதி. பூஞ்சாளத்தைப்போல் நூல் நூலாகப் படர்ந்து, மக்கிப்போன இலை, தழை, எருவைத் தின்று வாழ்வது. (இங்கே ஜாதி என்றது உண்மையான ஜாதி. பிறப்பிலேயே வேறுபாடு இருக்கிற ஜாதி இதுபோன்ற உயிர்களிடத்தில்தான் உண்டு, மனிதனிடத்தில் இல்லை.) இந்த நுண்ணுயிர் உண்டாக்குகிற ஒரு பொருளே மண் வாசனைக்கு முக்கியமான காரணம் என்று கண்டு, அதைப் பிரித்தெடுத்து ஜியோஸ்மின் என்று பெயரிட்டார்கள். அதற்கு மண் மணம் என்றே அர்த்தம்.

இதை மனிதன் மூக்கு கண்டுபிடிக்கிற திறமை ஆச்சரியமானது. தண்ணீரில் லட்சம் கோடி பங்குக்கு 5 பங்கு அளவு இருந்தாலே நமக்குத் தெரிந்துவிடுகிறது. லட்சம் கோடி என்றால் மலைப்பாக இருக்குமாதலால் வேறு விதமாகச் சொல்லுகிறோம். 100 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் 3 மீட்டர் ஆழமுமுள்ள ஒரு ஊர்க் குளத்தில் 3 கோடி லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அந்தக் குளம் முழுவதையும் மணக்கச் செய்வதற்கு ஏழெட்டு அரிசி மணி எடையுள்ள ஜியோஸ்மின் போதும். இவ்வளவு மூக்கு படைத்த நாம், வட்டிக் கடையிலும் கோயில் கணக்கிலும் அடிக்கிற நாற்றத்தை மட்டும் எப்படியோ அறியாமல் இருந்துவிடுகிறோம்.

மண்ணில் கிடக்கும் பொருள் நம்முடைய மூக்குவரை எப்படி ஏறி வருகிறது என்பதும் இப்பொழுது தெரிந்துவிட்டது. 2015இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கல்லன் பூயி, யங்சூ ஜூங் என்ற இருவர், மழைச் சொட்டு தரையில் விழுவதை மிகவும் வேகமான காமிராவால் படம்பிடித்துப் பார்த்தார்கள். சொட்டு விழுந்து தட்டையாகும்போது, மண்ணின் துவாரங்களில் இருந்த காற்று அதன் அடியில் சிக்கிக் குமிழியாகிறது. அந்தக் குமிழிகள் சொட்டின் வழியாக மேலேறி, சோடாவைத் திறந்தவுடன் மேலே தெறிக்குமே, அதைப்போல வெடித்து, மிகமிகச் சிறிய திவலைகளாகக் காற்றில் கலக்கின்றன. மண்ணிலிருக்கிற வாசனை அந்தத் திவலைகளில் ஏறிக்கொண்டு வருகிறது. தூறலிலும் நடுத்தர மழையிலும் இந்தத் திவலைகள் அதிகமென்றும், அடைமழையில் குறைவென்றும் கண்டார்கள். கோடை மழையின் முதல் சொட்டுகள் மணப்பதும், ஐப்பசி அடைமழை அப்படி மணக்காததும் ஏன் என்று நம் பாட்டன் காலத்திலிருந்து இருந்த கேள்விக்கு இதுதான் பதில். அடைமழைக் காலத்தில் மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது. துவாரத்தில் காற்றுமில்லை, சேர்த்துவைத்த சரக்குமில்லை. மண்ணிலுள்ள உயிருள்ள கிருமிகளும் இந்தத் திவலைகளில் ஏறிப் பயணம் போவதாக 2017இல் அதே இடத்தில் கண்டிருக்கிறார்கள். பூமாதேவியின் மூச்சில் கிருமி இருக்கலாமா என்று சாஸ்திரிகள்தான் சொல்லவேண்டும்.

இடி மின்னலோடு வருகிற மழைக்கு முன்னால் சற்றுக் காரமான இன்னொரு வாசனையும் வருவதுண்டு. அது ஓசோன். மின்னல் காற்றிலுள்ள பிராணவாயுவை உடைத்து மறுபடியும் மூன்று மூன்றாகச் சேரும்படி செய்வதால் உண்டாவது. மின்சார மோட்டாரில் பொறி பறக்கும்போது வருகிற வாசனை இதுதான். 1840இல் ஷேன்பைன் என்பவர் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். இந்திரனுடைய வஜ்ராயுதத்துக்கும் மாவு மில் மோட்டாருக்கும் ஒரே வாசனை என்பதை அறிந்துகொண்டால் போதும். இதைப்பற்றி அதிகம் எழுத அவசியமில்லை.

இனி, இவ்வளவு நல்ல வாசனையை அந்த நுண்ணுயிர் எதற்காக உண்டாக்குகிறது? மனிதன் மோந்து மகிழ்வதற்காகக் கடவுள் செய்த ஏற்பாடு என்று பக்தர்கள் சொல்லுவார்கள். 2020இல் வெளியான ஆராய்ச்சி வேறு சொல்லுகிறது. மண்ணில் துள்ளித் திரிகிற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒருவகைச் சிறு பூச்சிகளை இந்த வாசனை அழைக்கிறது. அவை வந்து இந்த நுண்ணுயிரைத் தின்கின்றன. தின்னும்போது அதன் வித்துகள் பூச்சியின் உடம்பில் ஒட்டிக்கொண்டும், எச்சத்தோடு வெளிவந்தும் வேறு இடத்துக்குப் பரவுகின்றன. தன் வித்து பரவுவதற்காக ஒரு கிருமி ஒரு பூச்சிக்கு விடுகிற அழைப்பு அது. நாம் நடுவில் நின்று மோந்துகொண்டு, நமக்காகவே ஏற்பட்டது என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளுகிறோம்.

இதே ஸ்ட்ரெப்டோமைசிஸ் குடும்பத்திலிருந்துதான் 1943இல், அதே ரட்கர்ஸில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற வாலிபர் தம் ஆசிரியர் செல்மன் வாக்ஸ்மனின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைக் கண்டெடுத்தார். காசநோய்க்கு முதன்முதல் அகப்பட்ட சரியான மருந்து அதுதான். (1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் கிடைத்தது. பாடுபடுகிறவன் ஒருவன், பெயர் வாங்குகிறவன் ஒருவன் என்கிற வழக்கம் மேல்நாட்டிலும் இல்லாமலில்லை.) அந்த மருந்து வருமுன் நம் நாட்டில் காசநோய் பூர்வஜன்ம பாவத்தின் பலன் என்று சொல்லி எத்தனை பேரைச் சாகவிட்டார்கள்! பாவத்துக்குப் பரிகாரமாகச் செய்த எந்த ஹோமமும் செய்யாததை, எருக்குழி மண்ணிலிருக்கிற கிருமி செய்தது.

இப்பொழுது பகவத் கீதைக்கு வருவோம். அதன் ஏழாவது அத்தியாயத்தில், மண்ணிலுள்ள புனிதமான வாசனை நானே என்று கிருஷ்ணன் உரிமை கொண்டாடுவதாக எழுதியிருக்கிறது. மூன்றாவது அத்தியாயத்தில், யாகத்தினால் மழை உண்டாகிறது என்றும் எழுதியிருக்கிறது. முதலாவதை எடுத்துக்கொள்ளுவோம். மண்ணிலுள்ள வாசனை ஜியோஸ்மின். அதே ஜியோஸ்மினை நீர்நிலைகளில் படர்கிற ஒருவகைப் பாசியும் உண்டாக்குகிறது. குளத்து மீனில் அடிக்கிற சேற்று நாற்றம் அதுதான். பீட்ரூட் கிழங்கில் அடிக்கிற மண் வாசனையும் அதுதான். நம் பெண்கள் குளத்து மீனைப் புளி போட்டுக் கழுவுகிறார்களே, புளிப்பு பட்டால் ஜியோஸ்மின் சிதைந்து வாசனையற்றுப் போய்விடும் என்பதே அதன் தத்துவம். குடிதண்ணீரில் இந்த வாசனை ஏறிவிட்டால் ஜனங்கள் முகம் சுளிக்கிறார்களென்று, பல தேசத்து நகரசபைகள் பணம் செலவு செய்து கரித்தூளைப் போட்டு அதை நீக்குகின்றன. அப்படியானால் மீன் கழுவுகிற பெண் தினந்தோறும் புளி போட்டு யாரைக் கழுவி ஊற்றுகிறாள், நகரசபைக்காரன் கரித்தூள் போட்டு யாரை வடிகட்டுகிறான் என்று கீதைப் பிரசங்கிகள் ஒருநாள் விளக்கவேண்டும்.

பெண்களைப்பற்றிச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. பெட்ரிகோர் என்று பெயர் வைத்த இருவரில் ஒருவர் பெண். ஜியோஸ்மினைக் கண்டெடுத்த இருவரில் ஒருவர் பெண். வேதம் பெண்ணின் காதில் படக்கூடாது என்று தடுத்துவைத்த தேசத்தில் அவர்கள் பிறந்திருந்தால், வாசல் தெளித்துவிட்டு வாசனையை மோந்துகொண்டு உள்ளே போயிருப்பார்கள். நம் வாசலில் தெளித்துவிட்டு உள்ளே போன பெண்களில் எத்தனை இசபெல்கள், எத்தனை நான்சிகள் இருந்தார்கள் என்று கணக்கெடுக்க இனி வழியில்லை.

நம் தேசத்தில் இந்த விஷயத்தை அனுபவத்தில் அறிந்தவர்கள் அடியோடு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஐக்கிய மாகாணம் என்று முன்பு பெயரிருந்த உத்தரப் பிரதேசத்தில் கன்னோசி என்று ஒரு ஊர், அத்தர் வடிப்பதற்குப் பேர்போனது. அங்கே மண் அத்தர் என்றே ஒன்று வடிக்கிறார்கள். கோடையில் வற்றிப்போன குளத்து மண்ணை வெட்டியெடுத்து, வில்லை வில்லையாகத் தட்டிச் சூளையில் சுட்டு, பெரிய செப்புப் பானையில் தண்ணீரோடு போட்டு அடுப்பெரிக்கிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாகப் போய், இன்னொரு செப்புப் பாத்திரத்திலிருக்கிற சந்தன எண்ணெயில் இறங்குகிறது. முடிவில் சீசாவில் மழை வாசனை நிற்கிறது. மேகமில்லாமல் மழை வாசனையை உண்டாக்கலாம் என்பதை, விஞ்ஞானிகள் எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே, எழுத்து வாசனை அதிகம் அறியாத அந்தத் தொழிலாளிகள் கைவேலையால் காட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாக்காரர்களும் தங்கள் கட்டுரையில் இந்த அத்தரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். நம் பண்டிதர்களின் எந்தப் புத்தகமும் அவர்களுக்கு உதவவில்லை; நம் குயவன் தட்டிய வில்லைதான் உதவிற்று.

அந்த அத்தரைப் பூசிக்கொள்ளுகிறவர்கள் யார், அந்த மண்ணை வெட்டுகிறவர்கள் யார் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். மண் வாசனை, மண் வாசனை என்று கதை எழுதுகிறவர்களும் மேடையில் பேசுகிறவர்களும் உருகுகிறார்கள். நம் மண்ணுக்கே உரிய தனி வாசனை என்றுகூடச் சொல்லுகிறார்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் நம் ஊரிலும் உண்டு, ஆப்பிரிக்காவிலும் உண்டு, அமெரிக்காவிலும் உண்டு; எல்லை எதுவென்று அதற்குத் தெரியாது. அது போகட்டும். இவ்வளவு உருகுகிறவர்கள், காலையிலிருந்து மாலைவரை அந்த மண்ணிலேயே நின்று அண்டை வெட்டிச் சேறடித்து, அதே வாசனையை உடம்பிலே சுமந்துகொண்டு வருகிற மனிதனைத் தெருவோடு நிறுத்திக் கூலி கொடுத்தவர்கள்தானே? தனிக் குவளையில் தேத்தண்ணீர் ஊற்றியவர்கள்தானே? மிராசுதாரர் வரப்பில் நின்று மோந்தால் அது மண் வாசனை. உழுகிறவன் உடம்பிலிருந்து வந்தால் அது நாற்றம்! பொருள் ஒன்று, மூக்கும் ஒன்று. நடுவில் புகுந்து பெயரை மாற்றியது எது? நாற்றம் என்ற வார்த்தையே பழைய தமிழில் நல்ல மணத்துக்கும் வழங்கியதுதான். வார்த்தை இழிந்தது எப்படியோ நாம் அறியோம். மனிதன் இழிக்கப்பட்டது எப்படி என்பது மனுதர்ம சாஸ்திரத்தின் பத்தாவது அத்தியாயத்திலேயே இருக்கிறது. இரும்பு முனையுள்ள கலப்பை பூமியையும் பூமியிலுள்ள பிராணிகளையும் கொல்லுவதால் உழவுத்தொழில் பெரியோரால் பழிக்கப்பட்டது என்று அங்கே எழுதியிருக்கிறது. அந்த உழவன் விளைவித்ததைத் தின்பது மட்டும் எந்த அத்தியாயத்திலும் பழிக்கப்படவில்லை.

இவ்வளவும் சொன்னபிறகு இரண்டு ஆட்சேபணைகள் வரும். “அந்தக் கிருமியைப் படைத்தவர் யார்?” என்பது ஒன்று. கிருமி வரைக்கும் வந்துவிட்டீர்களல்லவா, அதுவே போதும். நேற்றுவரை மழை வாசனைக்கு வருணன் நேரிடையாகப் பொறுப்பாளியாயிருந்தார். இன்று கிருமிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். நாளைக்குக் கிருமியின் பிறப்பையும் விசாரிக்கும்போது அவர் இன்னும் ஒரு அடி பின்னால் போகவேண்டியதுதான். மற்றொரு ஆட்சேபணை, காரணம் தெரிந்துவிட்டால் இன்பம் போய்விடாதா என்பது. இது சற்று மரியாதையான ஆட்சேபணை. ஆனால் பாகில் சர்க்கரை இருப்பது தெரிந்தால் பலகாரம் கசந்துவிடுகிறதா? சங்கீதத்தில் சுரம் இன்னதென்று அறிந்தவனுக்குப் பாட்டு இனிக்கவில்லையா? அறியாதவனைவிட அதிகமாகவே இனிக்கிறது. கோடை மழைக்கு வாசலில் நின்று மோந்து பாருங்கள், மனம் குளிருங்கள். அதற்காக யாருக்கும் தட்சிணை கொடுக்கவேண்டியதில்லை என்பதுதான் நாம் சொல்லுவது.

ஏனென்றால் தட்சிணை கேட்பது பழங்கதையாகப் போய்விடவில்லை. 2019ஆம் வருஷக் கோடையில் சென்னைப் பட்டணத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற ஏரிகள் வறண்டு, ஜனங்கள் குடமும் கையுமாக லாரிக்குக் காத்துக் கிடந்தபோது, சர்க்காரின் அறநிலையத் துறையே கோயில்களில் மழைக்காக யாகமும் ஜபமும் நடத்தும்படி சுற்றறிக்கை அனுப்பியது. வருணன் வரவில்லை. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்தது. முதல் ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது. ரயில் ஓட்டியவர் அண்டாவில் உட்காரவில்லை. அந்தச் சுற்றறிக்கைப்படி செலவான நெய்யும் சமித்தும் ஒரு ஏரியின் வரத்துக்காலில் ஒரு முழம் தூர்வாரியிருந்தால்கூட அடுத்த மழையில் ஒரு படி தண்ணீராவது நின்றிருக்கும்.

அடுத்த கோடையில் உங்கள் ஊருக்கும் வருண ஜபத்துக்கென்று நோட்டுப் புத்தகத்தோடு வருவார்கள். வருகிறவர்களைத் திண்ணையில் உட்காரச் சொல்லி, காய்ந்த மண்ணாங்கட்டி ஒன்றையும் ஒரு செம்பு தண்ணீரையும் முன்னால் வைத்து, அவர்கள் கையாலேயே தெளித்து மோந்து பார்க்கச் சொல்லுங்கள். கொடுக்க நினைத்த பணத்தை, ஊர் ஏரிக் கால்வாயில் மண்வெட்டி பிடிக்கிறவர்களின் கூலிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.